தினமும் 56 கிலோமீட்டர்: வண்டியா, ரயிலா?

(கூடுவாஞ்சேரியில் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாரம் முழுக்க அலைந்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துடறேன்.

நம்ம ஊரில் வீடு கட்டியவர்கள், ஃபிளாட் வாங்கியவர்கள் பெரும்பாலானோர் ஒரே காரணத்துக்காக வந்தவர்கள்தான். சென்னைக்குள் கொடுக்கிற விலைக்கு இங்கே கொஞ்சம் பெரிய வீடு கிடைத்தது. ஆனால் வேலை நம்மோடு குடிவரவில்லை. அது கிண்டியிலும் தி.நகரிலும் பாரிமுனையிலும் அப்படியே இருக்கிறது. வீட்டில் மிச்சம் பிடித்ததைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்கள் மட்டும் குறைவு.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போக்குவரத்து நிபுணர் கிடையாது. எனக்குத் தெரிந்தது கூட்டல், கழித்தல். அதை வைத்து, "சொந்த வண்டியில் போறதா, ரயிலிலும் பஸ்ஸிலும் போறதா" என்கிற கேள்விக்கு ஒரு கணக்குத் தாள் போட்டுக் காட்டுகிறேன். நான் சொல்கிற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து, உங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டே வாங்க.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

"சார், ஆபீஸுக்குக் காரில் போறது லாபமா, ரயிலில் போறது லாபமா?" என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: கார் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறதா, இனிமேல் வாங்கணுமா?

இது முக்கியம். கார் ஏற்கெனவே இருந்தால், அதை ஆபீஸுக்கு எடுத்துப் போகாமல் வீட்டில் நிறுத்தினாலும் தவணை கட்டித்தான் ஆகணும், இன்சூரன்ஸ் கட்டித்தான் ஆகணும். உங்களுக்கு மிச்சமாவது பெட்ரோலும் தேய்மானமும்தான். ஆனால் ஆபீஸ் போவதற்காகவே இனிமேல் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், முழுச் செலவும் அந்த ஆபீஸ் பயணத்தின் தலையில்தான் ஏறும். இரண்டுக்கும் விடை வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விடையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பணக் கணக்கு

கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை 28 கி.மீ. போக வர 56. மாதம் 24 வேலை நாள். ஆக மாதத்துக்கு 1,344 கி.மீ.

முதலில் கார். ஜிஎஸ்டி சாலையின் காலை நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. கிடைக்கிறது என்று வைத்தால் 96 லிட்டர். கணக்குக்கு வசதியாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 9,600 ரூபாய். சர்வீஸ், டயர், சின்னச் சின்ன வேலைக்கு மாதம் 1,500. கார் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இத்தோடு முடிந்தது: மாதம் சுமார் 11,100 ரூபாய்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வரி எழுதணும். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 12,450 ரூபாய் வரும். 60 மாதத்தில் வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 18,000 என்று வைத்தால் மாதம் 1,500. எல்லாம் கூட்டினால் சுமார் 25,000 ரூபாய். முன்பணமாகக் கொடுத்ததை இதில் நான் சேர்க்கவில்லை. அதே மாதிரி, கடைசியில் காரை விற்றால் வரும் பணத்தையும் சேர்க்கவில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பரனூர் சுங்கச்சாவடியும் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தபோது அதன் விலை 3,000 ரூபாய். "வருஷம் முழுக்க ஓட்டிக்கலாம்" என்று நினைக்காதீங்க. ஒரு வருஷம் அல்லது 200 முறை, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் செல்லும். போக ஒன்று, வர ஒன்று என்று 24 நாளுக்கு 48 முறை ஆகும். நாலு மாசம் கொஞ்சம் தாண்டியதும் 200 தீர்ந்துவிடும். சுங்கச்சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் குடியிருப்பவர்களுக்கு உள்ளூர் மாதாந்திர பாஸ் தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுங்க.

அடுத்தது பைக். லிட்டருக்கு 45 கி.மீ. என்றால் 30 லிட்டர், 3,000 ரூபாய். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 750. மொத்தம் 3,750 ரூபாய்.

மூன்றாவது ரயில். புறநகர் மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். கணக்குக்கு 300 என்று வைக்கிறேன். "அப்போ 300 ரூபாயில் வேலை முடிஞ்சுது" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் 3 கி.மீ. வண்டியில் போனால் பெட்ரோல் 320. ஸ்டாண்டில் வண்டி விட 400. கிண்டியில் இறங்கி மழை நாளில் ஷேர் ஆட்டோ, மற்ற நாளில் பஸ் என்று 500. இதுவே 1,500 ரூபாய் பக்கம் வந்துவிடுகிறது.

இதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். மாதத்தில் இரண்டு நாள் வேலை இழுத்துவிடும், ரயில் தாமதமாகும், உடம்பு முடியாமல் போகும். அன்றைக்கு டாக்ஸி பிடிக்கணும். ஒரு தடவைக்கு 700 என்று 1,400 ஒதுக்கி வையுங்கள். ஆக ரயில்காரருக்கு மாதம் சுமார் 3,000 ரூபாய் வருகிறது. இந்த 1,400-ஐ முன்கூட்டியே ஒதுக்காதவர்கள்தான், ஒரு மழை நாளில் நனைந்து வந்து, "நாளைக்கே கார் புக் பண்றேன்" என்று சபதம் போடுகிறார்கள்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைக்குக்கும் ரயிலுக்கும் மாதம் 750 ரூபாய்தான் வித்தியாசம். பணத்துக்காக மட்டும் யாரும் பைக்கை விட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே இருக்கும் காருக்கும் ரயிலுக்கும் 8,000 ரூபாய் வித்தியாசம். புதிதாக வாங்கப் போகும் காருக்கும் ரயிலுக்கும் 22,000 ரூபாய். மாதச் சம்பளத்தில் 22,000 என்பது பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு.

நேரக் கணக்கு

"பணம் கிடக்கட்டும் சார், நேரம்தான் முக்கியம்" என்று சொல்வீர்கள். சரி, அதையும் எழுதுவோம்.

காலையில் ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் வழியாகக் காரில் போனால் ஒன்றேகால் மணி நேரம் என்று வைக்கிறேன். ரயிலில்: ஸ்டேஷனுக்குப் போக 10 நிமிஷம், வண்டியை விட்டுப் பிளாட்ஃபாரம் ஏற 5, காத்திருக்க 8, ரயிலுக்குள் 45, இறங்கி நடக்க 12. மொத்தம் 80 நிமிஷம். ஐந்து நிமிஷம்தான் வித்தியாசம். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. இரண்டு விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, சராசரியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வாரத்தின் மோசமான நாளை வைத்து எடுக்கணும். ஏனென்றால் பஞ்சிங் மிஷினுக்குச் சராசரி தெரியாது. ஒரு லாரி பழுதாகி நின்றால், ஒரு மழை பெய்தால் ரோட்டில் ஒன்றேகால் மணி இரண்டு மணி ஆகிறது. ரயிலும் தாமதமாகத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்டவாளத்தில் எதிரே ஷேர் ஆட்டோ வளைந்து நிற்பதில்லை.

இரண்டு, அந்த நேரம் யாருடையது என்று பார்க்கணும். காரில் 75 நிமிஷம், போக வர 24 நாள் என்றால் மாதம் 60 மணி நேரம். 8 மணி நேர ஷிஃப்ட் கணக்கில் ஏழரை நாள் வேலை! சம்பளமில்லாத டிரைவர் வேலை. ரயிலில் மொத்தம் 64 மணி நேரம் ஆகிறது. ஆனால் அதில் 36 மணி நேரம் ரயிலுக்குள்ளே, கை சும்மா இருக்கிற நேரம். தூங்கலாம், படிக்கலாம், போட்டித் தேர்வுக்குத் தயாராகலாம், ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் பண்ணலாம். நின்றுகொண்டே போகிறவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும். ஸ்டியரிங் பிடித்தவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

உயிர்க் கணக்கு

இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஒரு வருஷத்தில் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

பைக்குக்கும் ரயிலுக்கும் 750 ரூபாய்தான் வித்தியாசம் என்று சற்று முன்னே சொன்னேன் இல்லையா? பணத்தில் சமமாக நிற்கிற அந்த இரண்டும் இந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன. தெருமுனைக் கடைக்குப் பைக்கில் போவது வேறு. லாரியும் வெளியூர்ப் பேருந்தும் பறக்கிற தேசிய நெடுஞ்சாலையில், ராத்திரி 9 மணிக்கு, பத்து மணி நேர வேலை முடித்த களைப்போடு 28 கி.மீ. ஓட்டுவது வேறு. பைக்கில்தான் போகணும் என்கிற நிலை இருந்தால், ஹெல்மெட் தலையில் இருக்கணும், டேங்க் மேலே இல்லை. கொக்கி மாட்டியிருக்கணும். பின்னால் உட்காருபவருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் பணம் யார் கட்டுவது என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரயில் பக்கத்திலும் ஆபத்து உண்டு. அது பெரும்பாலும் நாமே தேடிக்கொள்வது. படியில் தொங்குவது, ஓடும் வண்டியில் ஏறுவது, மேம்பாலம் இருக்கும்போது தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது. அடுத்த ரயில் பத்து நிமிஷத்திலோ அரை மணியிலோ வந்துவிடும். வீட்டில் நமக்குப் பதில் ஆள் வராது.

ரயிலின் குறையையும் சொல்லணும்

நான் ரயிலுக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு பழைய பாதை. ஆனால் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்று திரும்பிவிடுகின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற நமக்கு ரயில்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் காத்திருக்கணும். பீக் நேரத்தில் நிற்கவே இடம் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மூட்டை முடிச்சோடு போகிற வியாபாரிகள் படும் பாடு எல்லாருக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சேவைகள் குறைவு, அதன் நேரம் உங்கள் நேரத்தோடு ஒத்து வரணும். சாதாரண சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏறக் கூடாது. அதற்குத் தனிக் கட்டணம், தனி சீசன்.

ரயில் ஒத்து வராதவர்களுக்கு பஸ் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்த பிறகு, அங்கிருந்து நகருக்குள் மாநகரப் பேருந்துகள் போகின்றன. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் 1,000 ரூபாய்க்கு விருப்பம்போல் பயணம் செய்யும் மாத பாஸ் இருக்கிறது. ஏசி பஸ்ஸும் சேர்த்து வேண்டும் என்றால் 2,000 ரூபாய் பாஸ். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமே கிடையாது. விமான நிலையம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மெட்ரோ பிடிப்பதும் ஒரு வழி. கிண்டியைத் தாண்டி அண்ணா சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அது உதவும். மெட்ரோவில் கியூஆர் டிக்கெட் அல்லது கார்டு எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைவு.

"கிளாம்பாக்கம் வரைக்கும் மெட்ரோ வரப்போகுதே சார், அதுவரைக்கும் பொறுத்துக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வரட்டும், வந்தால் நல்லது. வந்த அன்றைக்குப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு ஓடுவதை வைத்துத்தான் இன்றைய முடிவை எடுக்கணும்.

யாருக்கு வண்டி சரி?

சிலருக்கு சொந்த வண்டிதான் சரியான விடை. இரவு ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் திரும்புகிறவர்கள். சிறுசேரி, நாவலூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள், அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. ஒரே நாளில் நாலு இடம் போக வேண்டிய விற்பனைப் பிரதிநிதிகள். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள். மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போகிறவர்களுக்கும் பெட்ரோல் செலவு பிரிந்துவிடுவதால் கணக்கு வேறாகிவிடும். இவர்களிடம் போய் "ரயிலில் போங்க" என்று உபதேசம் செய்வது நியாயமில்லை.

நம் தெருவில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். கிண்டியில் வேலை. புது கார் பார்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், 6 லட்சம் லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. அடுத்த வாரம் டெலிவரி எடுக்கலாம்னு இருக்கேன். ஒரு தடவை கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

மேலே சொன்ன கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். 25,000 என்று வந்ததும் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆபீஸுக்குன்னு சொன்னேனே தவிர, அப்பாவுக்காகத்தான் சார் முக்கியமா. வாரத்துல ரெண்டு நாள் குரோம்பேட்டையில டயாலிசிஸ். முடிஞ்சு வெளிய வரும்போது அவரால நிக்கவே முடியாது. ஆட்டோவுல குலுங்கிக் குலுங்கி வர்றதைப் பார்க்க முடியல."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டயாலிசிஸ் எத்தனை மணிக்குப்பா?" "காலையில 10 மணிக்கு சார்." "அந்த நேரத்துல உன் கார் எங்க நிக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. கார் அந்த நேரத்தில் கிண்டியில் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கும். அப்பா திரும்பவும் ஆட்டோவில்தான் போவார்.

வீட்டுக்குப் போய் மனைவியோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். புது காரை விட்டுவிட்டு, நல்ல நிலையில் இருந்த பழைய கார் ஒன்றைப் பாதிக்கும் குறைவான கடனில் எடுத்தார்கள். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டார். கார் வீட்டிலேயே நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மருமகள் ஓட்ட, மாமனார் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வருகிறார். தம்பி ரயிலில் போகிறார். தினமும் நின்றுகொண்டுதான் போகிறார், அது ஒன்றும் சுகமில்லை என்று அவரே சொல்வார். ஆனால் கார் எங்கே வேண்டுமோ அங்கே நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். வண்டி யாருக்கு, எந்த நேரத்தில் தேவை என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசணும். பைக்குக்கும் இது பொருந்தும். ஸ்டேஷன் ஸ்டாண்டில் நாள் முழுக்கப் பூட்டி நிற்கிற பைக், வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லாத பைக்தான். ஸ்டேஷன் வரை பஸ்ஸில் போக முடிந்தால், அல்லது வீட்டில் யாராவது கொண்டுவிட முடிந்தால், ஒரே வண்டி இரண்டு பேருக்கு உதவும்.

கைபேசியில் இருக்க வேண்டியவை

எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதை இந்தப் பயணத்துக்கும் வேலை வாங்குங்கள்.

'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் கொண்டுவந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். எந்த வழி, எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

ரயில் சீசன் டிக்கெட்டுக்கு ரயில்வேயின் 'ரயில்ஒன்' செயலி. வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: டிக்கெட் போனில் இருக்கும்போது போன் அணைந்துவிட்டால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். சீசன் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போனிலேயே நினைவூட்டல் வையுங்கள். தேதி தாண்டிப் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

'சிங்காரச் சென்னை' அட்டை ஒன்று வைத்துக்கொண்டால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் சில்லறைத் தொல்லை இல்லை.

தனியாக இரவில் வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு ஒரு பொத்தான் போதும். ரயிலில் ஏதாவது பிரச்சினை என்றால் 139. அரசுப் பேருந்து பற்றிய புகாருக்கு 149. "இந்த நேரத்துக்கு பஸ்ஸே வரல" என்று வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதை, நாள், நேரம், தடம் எண்ணோடு அங்கே பதிவு செய்தால் பத்தில் இரண்டாவது நடக்கும். நம் சங்கமும் சேர்ந்து எழுதலாம்.

இரண்டு வாரச் சோதனை

கடைசியாக, வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலை.

கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அல்லது தினமும் வண்டி ஓட்டிச் சலித்தவர்கள், இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இப்போது போகிற மாதிரியே போங்கள். இரண்டாவது வாரம் மற்ற வழியில். ஒவ்வொரு நாளும் நாலு விஷயத்தை மட்டும் போனில் எழுதுங்கள்: வாசலை விட்டுக் கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், அன்றைய செலவு, வீட்டுக்கு வந்ததும் உடம்பும் மனசும் எப்படி இருந்தது. கடைசியை எழுத வெட்கப்படாதீங்க. "பிள்ளை கிட்ட எரிஞ்சு விழுந்தேன்" என்றால் அதையும் எழுதுங்கள். அதுவும் செலவுதான்.

மாற்று வழியை முதல் நாளே திங்கட்கிழமை காலையில் சோதிக்காதீங்க. ஒரு சனிக்கிழமை சும்மா போய் வந்து, எந்தப் பக்கம் வண்டி விடுவது, எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு அருகில் நிற்கும் என்று பார்த்து வையுங்கள். பழகாததால் வருகிற கஷ்டத்தை ரயிலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரண்டு வாரம் முடிந்ததும் இரண்டு பட்டியலையும் வீட்டில் எல்லார் முன்னாலும் வாசியுங்கள். சரி பாதியாகப் பிரித்துக்கொள்வதும் நல்ல விடைதான். வாரத்தில் மூன்று நாள் ரயில், இரண்டு நாள் கார் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கு அதிலேயே மாதம் நாலாயிரம், ஐயாயிரம் மிச்சமாகும்.

எந்த வழியில் போனாலும் சரி. ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறதற்கு முன்னால் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வந்தால், கூட்டிச் சொல்லத்தான் என்னால் முடியும், கழித்துக் கொடுக்க முடியாது.

கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம். ரயில் பிடிக்க வேண்டியவர்கள் தயங்காமல் கிளம்பலாம்.